ஆறும் பத்திரம்

ஆறு மரங்களில் கட்டிய கமராக்களில் நான்குதான் மிச்சம் இருந்தன. சிவாஜினி இரண்டு தரம் எண்ணினாள். விஞ்ஞானப் பட்டதாரி என்பதால் மூன்றாம் தரமும் எண்ணினாள். நான்கேதான்.

மொன்ட்ரியாலுக்கு வடக்கே இரண்டு மணி நேர ஓட்டத்தில் இருந்தது அந்தக் காடு. அரசாங்கக் காடு, அனுமதிச் சீட்டு உள்ள எவரும் வந்து வேட்டையாடலாம். எதிரே எது அசைந்தாலும் தானாகவே படம் எடுக்கும் கமராக்களைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அவளிடம் ஒப்படைத்திருந்தார். சனிக்கிழமைதோறும் போய்ப் படங்களை எடுத்துக்கொண்டு, எத்தனை கமரா இருக்கிறது என்று படிவத்தில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. மான்களைப் பற்றிய ஆய்வு என்று அவளே நினைத்துக்கொண்டாள். கேட்கக் கூச்சமாக இருந்தது.

பட்டம் பெற்று ஒன்றரை வருடம் வீட்டில் இருந்தபின் கிடைத்த முதல் வேலை. நீடிக்குமா என்பது டிசம்பரில் தெரியும்.

"அப்பா, ரெண்டு களவு போட்டுது."

கார் ஓட்டி வந்த தியாகராசா, வெள்ளி இரவு பேக்கரி வேலை முடித்து நித்திரையில்லாமல் வந்தவர். மரங்களுக்குக் கேட்டுவிடும் என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

"பேராசிரியருக்குச் சொல்லத்தானே வேணும்?"

"உன்னை நம்பித் தந்த சாமானடி. துலைச்சுப்போட்டன் எண்டு நிண்டால் பேந்தும் வேலை தருவினமே? வாங்கிக் கட்டிப்போட்டு ஆறு எண்டு எழுது."

மொன்ட்ரியாலுக்குப் பக்கத்தில், புரோசார்ட்டில் ஒரு கடையில் அதே கமரா இருந்தது. தன் கைக்காசில் இரண்டு வாங்கினாள். ஆறுக்கும் சங்கிலி, ஆமைப்பூட்டு. ஞாயிறே திரும்பப் போய்க் கட்டினார்கள். படிவத்தில் ஆறு என்று எழுதினாள்.

அடுத்த சனி, ஓரிடத்தில் கமரா இல்லை. சங்கிலி இல்லை. மரமும் இல்லை. முழங்கால் உயரத்துக்கு அடிக்கட்டை மட்டும் நின்றது.

"பாத்தியே, பூட்டை உடைக்க ஏலேல்லை" என்றார் தியாகராசா, பெருமையாக.

இன்னொன்று வாங்கினாள். ஆறு என்று எழுதினாள்.

பிறகு அறிவித்தல் ஒட்டிப் பார்த்தாள். "மரியாதையாய் எழுது பிள்ளை, ஆக்களுக்குக் கோவம் வராமல்" என்றார் அப்பா. தயவுசெய்து இதை எடுக்க வேண்டாம் என்று நல்ல பிரெஞ்சில் எழுதி, மழைக்கு நனையாமல் பிளாஸ்டிக் உறையும் போட்டாள். அடுத்த கிழமை அறிவித்தல் பத்திரமாக இருந்தது. கமராவைக் காணவில்லை. உறைமேல் யாரோ 'மெர்சி', நன்றி, என்று எழுதியிருந்தார்கள்.

"படிச்ச கள்ளன்" என்றார் தியாகராசா.

அதற்குப் பின் இன்னொன்று வாங்கி, ஆறையும் உயரத்தில் கட்டினார்கள். மொன்ட்ரியால்-நோரில் அவர்களுடைய வீட்டுக்காரரின் ஏணியைக் கேட்டு வாங்கி, காரின் கூரையில் கட்டிக் கொண்டுபோய், வேலை முடிய ஒரு பற்றைக்குள் ஒளித்துவிட்டு வந்தார்கள். அடுத்த சனி கமராக்கள் ஆறும் இருந்தன. ஏணியைக் காணவில்லை.

சிவாஜினி அப்பாவின் தோளில் ஏறினாள்.

"ஆடாதேங்கோ அப்பா!"

"நான் ஆடேல்லை. முழங்கால்தான் ஆடுது."

செம்மஞ்சள் மேலங்கி போட்ட வேட்டைக்காரர் ஒருவர் அவ்வழியே வந்தார். இருவரையும் மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "போன்ஜூர்" என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பிப் போனார்.

படங்கள் முழுக்க அணிலின் வயிறு.

அன்று வீட்டுக்கு வரும் வழியில் தியாகராசாவுக்கு முடிவான யோசனை வந்தது.

"காட்டிலை விட்டால்தானே எடுப்பாங்கள்? எங்கட வீட்டை வைச்சால் ஆர் எடுக்கிறது?"

அவளுக்கு மறுத்துப் பேசக் களைப்பாக இருந்தது. ஏணிக்காக வீட்டுக்காரர் கதவைத் தட்டுவது வேறு ஒரு பக்கம்.

அதன்பின் கிழமை முழுக்கக் கமராக்கள் குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருந்தன. சனி விடிய ஆறையும் கட்டுவாள். பொழுதுபட அவிழ்ப்பாள். இடையில் மடக்குக் கதிரை போட்டு இருவரும் காவல் இருந்தார்கள். தியாகராசா விட்ட குறட்டையில் அந்தப் பக்கம் முயல்கூட வரவில்லை. எட்டுக் கிழமையும் எல்லாப் படத்திலும் அவரே வாயைத் திறந்தபடி இருந்தார். முதல் பனி அவர் தொப்பியில் விழுந்தது.

ஆறு. ஆறு. ஆறு.

டிசம்பரில் பேராசிரியரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது: 'உங்கள் முடிவுகள் ஆச்சரியமாக உள்ளன. நேரில் வரவும்.'

அவருடைய அறைக்கு வெளியே, அலுவலக வேலை பார்க்கும் அக்னெஸ் இருந்தாள். மன்னார்க்காரி. அந்தக் கட்டடத்தில் சிவாஜினிக்குத் தமிழில் கதைக்கக் கிடைத்த ஒரே ஆள். சிவாஜினி கதிரையில் இருந்தாள். பிறகு அணை உடைந்ததுபோல எல்லாவற்றையும் கொட்டினாள்: சங்கிலி, மரம், மெர்சி, ஏணி, குளிர்சாதனப் பெட்டி.

அக்னெஸ் தட்டச்சை நிறுத்தினாள்.

"அப்ப களவு போனது எல்லாத்துக்கும் நீரே வாங்கி வைச்சனீரோ?"

"ஓம் அக்கா. ஒண்டும் குறையவிடேல்லை."

"ஐயோ. உம்மட படிவங்களைப் பாத்துப் பாத்து அந்த மனுசன் மூண்டு மாதமாய்த் தலையைப் பிய்ச்சுக்கொண்டு திரியிறார்."

"தெரியும் அக்கா" என்றாள் சிவாஜினி. கண் கலங்கிவிட்டது. "ஒரு மான்கூட விழேல்லை."

"மானை ஆரம்மா கேட்டது? காட்டிலை கட்டுற கமராக்களிலை எத்தினை களவு போகுதெண்டு பாக்கிறதுதான் ஆய்வு!"