கட்டைவிரலில் நின்ற கல்யாணம்

சோலோ,
ஜூன் 14.

மதிப்பிற்குரிய அண்ணன் பிராப்தோ அவர்களுக்குத் தம்பி வார்சித்தோ ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. லாம்புங்கில் நீங்களும் அண்ணியும் மிளகுத் தோட்டமும் சௌக்கியம்தானே?

அண்ணா, நம் பெண் நிக்கென் கல்யாணம் இருபத்தெட்டாம் தேதி நடக்குமா என்பது என் கட்டைவிரலில் வந்து நிற்கிறது. சிரிக்காதீர்கள். தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பு ஹாஜி முக்லாஸ் தன் மகன் ஹானிஃபுக்குப் பெண் கேட்டு வந்தார். சாப்பிட அழைக்கும்போது நான்கு விரலை மடக்கிக் கட்டைவிரலால்தானே பந்தியைக் காட்டுவோம்? ஆள்காட்டி விரலை நீட்டினால் நம் அம்மா அந்த விரலிலேயே போடுவாளே. நானும் மரியாதையாகக் கட்டைவிரலை நீட்டினேன். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு தர்மி படம் பிடித்து, ‘எங்க சார் ஒண்ணாம் நம்பர்!’ என்று தெரு வாட்ஸப்பில் போட்டுவிட்டாள். ஒரு விரல் என்றால் நாடு, கொடி என்று பேசும் ஒண்ணாம் நம்பர் கொடிக்காரர், இரண்டு விரல் என்றால் மார்க்கம் பேசும் இரண்டாம் நம்பர் தீன்காரர் என்று ஊரே விரலை எண்ணிக்கொண்டிருந்த நேரம். சம்பந்தி தீன்காரர். முகம் கறுத்துவிட்டது. அடுத்த முறை அவர் வந்தபோது கூடுதல் மரியாதையாக இருக்கட்டும் என்று இரண்டு கட்டைவிரலையும் நீட்டினேன். அதையும் யாரோ படம் பிடித்தார்கள். இப்போது இரண்டு படத்தையும் ஒட்டவைத்து, ‘இவருக்கு எத்தனை முகம்?’ என்று கேட்கிறார்கள்.

தேர்தல் முடிந்தது, ஜெயித்தவரும் ஜெயித்துவிட்டார், எங்கள் சந்தில் மட்டும் இன்னும் முடியவில்லை. சந்துப் பெண்கள் கூடிச் சமைக்காமல் இங்கே எந்தக் கல்யாணம் நடந்திருக்கிறது? போய்க் கூப்பிட்டால் தர்மி சொல்கிறாள்: “அந்த ஸலாமா உரிச்ச வெங்காயத்தை நான் வதக்கமாட்டேன் சார். சோறு திங்கிறது இங்க, மனசெல்லாம் அரேபியாவுல.” ஸலாமா வீட்டுக்குப் போனால், “கொடிக்குக் கும்பிடு போடுறவ அறுத்த கோழிய நான் எப்படி பிஸ்மி சொல்லித் திங்கிறது?” என்கிறாள். சரி, இரண்டு அடுப்பு மூட்டலாம் என்றேன். எந்த அடுப்புச் சோறு முதலில் பந்திக்குப் போவது என்று அதிலும் சண்டை. என் மனைவி தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு படுத்துவிட்டாள்.

போன வியாழன் சம்பந்தி வந்தார். உட்காரவே இல்லை.

“நாடு பெருசா, தீன் பெருசா? ஒத்த வார்த்தை சொல்லுங்க.”

“ரெண்டும்தான் ஹாஜி.”

“அது பதிலில்ல. வெள்ளிக்கிழமை பள்ளிவாசல்ல எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. இல்லேன்னா பொண்ணைப் பெத்தவர்னு உங்க கையைப் பிடிச்சு எம்புள்ள நிக்காஹ் பண்ணமாட்டான்.”

இது தெருத்தலைவர் குனாடி காதுக்குப் போயிற்று. ராணுவத்தில் இருந்தவர் அல்லவா, வாசலில் விறைப்பாக நின்றே பேசினார்: “அப்படி எதையாவது அங்க போய்ச் சொல்லிப்பாருங்க சார். ஆகஸ்ட் பதினேழு சுதந்திர நாளுக்கு உங்க கை கொடிக்கயித்தைத் தொடாது.”

முப்பத்தொரு வருஷம் காலையில் பள்ளிக்கூடத்தில் இந்தக் கையால்தான் கொடி ஏற்றினேன். மதியம் இதே கையைக் கட்டிக்கொண்டு தொழுதேன். அதற்கும் இதற்கும் வேறு வேறு கை வேண்டும் என்று யாருமே எனக்குச் சொல்லவில்லையே! காய்கறி வாங்கப் போகக்கூடப் பயமாக இருக்கிறது. “ஒரு கட்டுக் கீரை” என்று வாயால் சொல்கிறேன், கையை மட்டும் சட்டைப்பையை விட்டு எடுப்பதில்லை. அழுகை வருகிறது அண்ணா, வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

இதில் பிள்ளைகள் இரண்டும்தான் தங்கம். பெரியவர்களின் பைத்தியம் அவர்களை அண்டவில்லை. ஹானிஃப் வருகிறான், நிக்கென் சிரிக்கிறாள், திரைச்சீலைக்குத் துணி பார்க்கிறார்கள். அவர்களுக்காகத்தான் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கேட்கிறேன். நீங்கள் வந்து என் இடத்தில் உட்கார்ந்து, உங்கள் கையால் அவளைக் கொடுத்துவிடுங்கள். பெற்றவன் நான் பின்வரிசையில் எங்காவது உட்கார்ந்துகொள்கிறேன். அவள் பிறந்த அன்று காதில் பாங்கு சொன்னது நான்தான், அந்த ஒன்று எனக்குப் போதும். உடனே கிளம்புங்கள். கப்பலில் இடம் கிடைக்காவிட்டால் நின்றுகொண்டாவது வாருங்கள்.

அண்ணிக்கு ஸலாம். உங்கள் கொடியில் மிளகும் உங்கள் வீட்டில் பேச்சும் குறையாமல் இருக்க அல்லாஹ் அருளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி
வார்சித்தோ

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் அஸர் தொழுகை நேரத்தில், சாயங்காலம், ஹாஜி முக்லாஸ் வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு, மன்னிச்சிருங்க சம்பந்தி, நீங்கதான் கொடுக்கணும்” என்று அழுதார். நானும் அழுதேன். சேர்ந்து தொழுதோம். நல்ல செய்தியைச் சொல்ல நிக்கெனைக் கூப்பிட்டேன். மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள். நேற்று அவள் ஹானிஃபிடம் எந்த நம்பருக்குப் போட்டாய் என்று கேட்டாளாம். அவனும் அவளைக் கேட்டானாம். “அவனோட எப்படிப்பா ஒரே வீட்டுல இருக்கிறது?” என்கிறாள். அவனும் அங்கே அதையேதான் சொல்கிறானாம். நீங்கள் கிளம்ப வேண்டாம். நாங்கள் இரண்டு கிழவர்களும் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தோம். அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, “நீ எந்த நம்பருக்குப்பா போட்டே?” என்றாள். இருபத்தாறு வருஷமாக அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னவன், கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன்.