ஃபேன் காக்காவும் இருபது அங்குலமும்

காற்றோடு ஃபேன் காக்காவைப் போல் மல்லுக்கட்டிய மனிதர் கல்முனைக் கரையிலேயே கிடையாது. காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன்; ஃபேன், ஊர் வைத்த பட்டம். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால், தலைக்கு மேல் ஃபேன் சுற்றும் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். ஒரு வலீமாக் கல்யாண விருந்தில் மாப்பிள்ளையின் வாப்பாவிடமே சொன்னார்: “இந்த மோட்டருக்கு இந்த இலை பெரிசு. பாவம், மூச்சு வாங்குது.”

தொழில், படகு இஞ்சின் திருத்துவது. புல் வெட்டும் மெஷினின் பெட்ரோல் இஞ்சினைக் கழற்றி, ஆளுயர இறக்கையோடு ஒரு மாதிரி விமானம் செய்திருந்தார். அதற்குப் பொருத்தமான புரொப்பெல்லர் தேடியே ஒரு வருடம் போனது. ஒன்றைப் பூட்டுவார், முடுக்குவார், கண்ணை மூடிக் கேட்பார், கழற்றுவார். அயலவர் காதெல்லாம் போன பிறகு, பதினாறுக்கு எட்டு என்று முடிவானது.

“பதினாறு அங்குலம் நீளம். எட்டு, ஒரு சுத்துக்குக் காத்துக்குள்ள முன்னால போற தூரம். நீளத்தக் கூட்டினா மத்ததக் குறைக்கணும். ரெண்டையும் கூட்டினா இஞ்சின் செத்துரும்” என்று வழி கேட்டு வந்தவனுக்கும் விளக்குவார்.

நான் பௌதிகவியல் ஆசிரியன். எங்கள் பாடசாலை விளையாட்டுப் போட்டியில் விமானத்தைப் பறக்கவிடும்படி கேட்டவனும் நானே. அதோடு நின்றிருக்கலாம். கொழும்பிலிருந்து பளபளவென்று இருபதுக்குப் பத்து ஒன்றை வரவழைத்து, மாணவர் முன்னால் நீட்டினேன்.

“சேர், இது பாரம். இஞ்சினுக்கு ஏலாது.”

“பெரிசு போட்டா இன்னும் கூட இழுக்கும் காக்கா. நான் இதத்தானே படிப்பிக்கிறன்?”

மாணவர்கள் சிரித்தார்கள். காக்கா அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அதையே பூட்டினார்.

விமானம் மைதானத்தின் முக்கால்வாசியைத் தரையிலேயே ஓடிக் கடந்தது. தென்னை உயரம் போனதும் இஞ்சின் இருமியது, அடங்கியது. நேரே பந்தலுக்குள் வந்து ஃபலூடா மேசையில் தலைகுத்தியது. பாடசாலை அதிபரின் வெள்ளைச் சட்டை ரோஸ் நிறமானது.

“அளவு பாக்காமலா காக்கா கொண்டு வந்தீங்க?” என்று அவர் கத்தினார்.

நான் வாய் திறக்கவில்லை.

“என்ட பிழைதான் சேர்” என்றார் காக்கா, இறக்கைத் துண்டுகளைப் பொறுக்கியபடி.

அன்றிலிருந்து ஊருக்கு அவர் ஃபலூடா காக்கா. யாராவது அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்து நடந்தேன். ஒரு மாதம் அப்படி நடந்த பிறகுதான் அவர் கடைக்குப் போனேன்.

“காக்கா, அண்டைக்கே அதிபரிட்ட நான் சொல்லியிரிக்கணும்...”

“தெரியும் சேர். அந்தப் புள்ளைகள் உங்களிட்டத்தானே இன்னும் படிக்கணும்” என்றார், இறக்கைக்குப் பசை தடவியபடி.

மறுநாள் அதிபரிடம் சொன்னேன். வகுப்பிலும் கரும்பலகையில் என் பிழையை எழுதிக் காட்டினேன். வெட்கம் முழுசாகப் போகவில்லை, பட்டப்பெயரும் போகவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமைகளில், மாலை அசர் தொழுகையை முடித்துவிட்டுக் கடற்கரைக்குப் போகிறேன். காக்கா இஞ்சினை முடுக்க, நான் விமானத்தின் வாலைப் பிடித்துக்கொள்கிறேன். “விடுங்க சேர்” என்று அவர் இரண்டாம் முறை சொல்லும் வரை, எனக்கு விட மனம் வருவதில்லை.