இலவச இங்கிலீஷும் என் வீட்டுக்காரரும்

போனில் பாடம் படிப்பதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. வாத்தியாருக்கு நம் முகம் தெரியாது. வெங்காயம் உரித்துக்கொண்டே படிக்கலாம். தப்பாகச் சொன்னால் பெஞ்சு மேல் ஏறி நிற்க வேண்டியதில்லை. ஆனால் ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. நாம் என்ன கற்றுக்கொண்டோம் என்பது வாத்தியாருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஊரும் உலகமும் தெரிந்துகொண்ட பிறகுதான் நமக்குத் தெரிய வரும்.

நான் பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம். இங்கிலீஷ் பரீட்சையில் பாஸானது எனக்கே ஆச்சரியம், எங்கள் இங்கிலீஷ் டீச்சருக்கு அதைவிட ஆச்சரியம். அதன்பிறகு கல்யாணமாகி திருவிடைமருதூர் பக்கத்தில் இந்த ஊருக்கு வந்து, நாற்றங்காலும் நெல்லுமாக இருந்தவளுக்கு இங்கிலீஷ் எதற்கு? உர மூட்டையில் அச்சடித்திருப்பதை எழுத்துக்கூட்டிப் படிப்பதோடு சரி.

எல்லாம் எங்கள் மகள் மலரால் வந்தது. நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போனவள், ஒருநாள் போனில் தயங்கித் தயங்கி, "அம்மா, இங்க ஷான்னு ஒருத்தர்..." என்று ஆரம்பித்தாள். அவள் அப்பா ரெண்டு நாள் வயலிலேயே கிடந்தார். மூன்றாம் நாள் அவரே போனை வாங்கினார்.

"பையன் நல்லவனா?"

"நல்லவர்ப்பா."

"நம்ம சோறு சாப்பிடுவானா?"

"சாப்பிடுவார்ப்பா. ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிடுறார்."

"அப்புறம் என்ன?" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டு மடை திறக்கப் போய்விட்டார். எங்கள் வீட்டுக் கல்யாணப் பேச்சு அவ்வளவுதான்.

ஷானுக்கு அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். பெயர் ஐரீன். மலர் நடுவில் உட்கார்ந்து வீடியோ காலில் எங்களைப் பேச வைத்தாள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அந்தம்மா கையை ஆட்டி, கண்ணை விரித்து, மூச்சு விடாமல் ஏதோ சொல்வார்கள். மலர் என்னிடம், "நல்லா இருக்கீங்களான்னு கேக்கறாங்கம்மா" என்பாள். நான் பதிலுக்கு எங்கள் வம்சம், குலதெய்வம், மலருக்கு அம்மை போட்டது எல்லாவற்றையும் சொல்வேன். மலர் அந்தப் பக்கம் திரும்பி ஒரே வார்த்தை சொல்வாள். மிச்சமெல்லாம் எங்கே போகும் என்றே தெரியாது.

எனக்கு அந்தம்மாவிடம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருந்தது. அதை மலரை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. மலருக்கு மனசு சரியில்லை என்றால் சாப்பிட மாட்டாள். "பசிக்கலை" என்பாள். நம்பிவிடக் கூடாது. கெஞ்சவும் கூடாது, கெஞ்சினால் இன்னும் முறுக்கிக்கொள்வாள். தட்டில் போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டு, பேசாமல் போய்விட வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து வந்து பார்த்தால் தட்டு காலியாக இருக்கும். இது பெற்றவளுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். கடல் தாண்டி இருக்கிற இன்னொரு தாய்க்கு நானே என் வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று ஆசை.

அதனால் யாருக்கும் தெரியாமல் படிக்க ஆரம்பித்தேன்.

இலவசம் என்று போட்டுத் தேடினால் எத்தனை வருகிறது தெரியுமா? முதலில் ஓர் ஆப் இறக்கினேன். குதிரை ஆப்பிள் தின்கிறது, என் மாமா ஒரு டாக்டர், அந்த யானை நீல நிறம் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தது. (இதை வைத்துக்கொண்டு சம்பந்தியிடம் என்ன பேசுவது?) ரெண்டு வாக்கியத்துக்கு ஒரு விளம்பரம் வேறு. 'ஐ யாம்' என்று தொடங்கினால், ஒருத்தி வந்து மிட்டாய் வெடிக்கும் விளையாட்டைக் காட்டிவிட்டுப் போவாள், அதன்பிறகுதான் நான் யார் என்பது தெரியும்.

பிறகு வெளிநாட்டு ரேடியோக்காரர்கள் மெதுவாகச் செய்தி படிக்கும் பக்கம் ஒன்று கிடைத்தது. அவர்கள் மெதுவாகச் சொல்வதற்குள் நான் மெதுவாகத் தூங்கிவிடுவேன்.

கடைசியில் நான் சரணடைந்தது வீடியோவில் வரும் ஒரு தமிழ் வாத்தியாரிடம். எப்போதும் நீலச் சட்டை. பெயர் ஞாபகமில்லை, நான் வைத்த பெயர் நீலச்சட்டை சார். அவருடைய மந்திரம் ஒன்றே ஒன்றுதான். "யோசிக்காதீங்க! யோசிச்சா இங்கிலீஷ் வராது. நான் சொல்றதை அப்படியே திருப்பிச் சொல்லுங்க. குரல் ஏறினா ஏறணும், இறங்கினா இறங்கணும். அர்த்தம் தானா வரும்!"

யோசிக்காமல் இருப்பது எனக்குச் சுலபமாக வந்தது.

வீட்டுக்குள் சிக்னல் வரும், போகும். நெல் காயப்போடும் தார்ரோட்டில்தான் நன்றாகக் கிடைக்கும். காதில் மாட்டிக்கொண்டு, காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே படிப்பேன். ஒருநாள் சார் சொன்னதை அப்படியே குரல் ஏற்றி, "எக்ஸ்கியூஸ் மீ! குட் யூ ஹெல்ப் மீ?" என்று கத்தினேன். பைக்கில் போன ஒருவர் சடக்கென்று நிறுத்திவிட்டார். "என்னங்கம்மா, ஏதும் உதவி வேணுமா?" என்றார். நான் நீலச்சட்டை சாரின் அடுத்த வரியைச் சொன்னேன்: "தேங்க் யூ, யூ ஆர் வெரி கைண்ட்." அவர் என்னையும் நெல்லையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு மனிதரை நிறுத்தி, இங்கிலீஷில் பேசி, அனுப்பியும் வைத்துவிட்டேனே!

சம்பா அறுவடை முடிந்ததும் மலரிடம் சொன்னேன். "நானும் ஐரீன் அம்மாவும் தனியா பேசிக்கிறோம். நீ நடுவுல வேணாம்."

"அம்மா, உனக்கு எப்படி..."

"எல்லாம் தெரியும். நீ டியூட்டிக்குப் போ."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, போனைச் செம்பில் சாய்த்து வைத்து உட்கார்ந்தேன். வீட்டுக்காரரை, பனியனோடு குறுக்கே வருவார் என்று பயந்து, வயலுக்கு அனுப்பிவிட்டேன். சாப்பாட்டுத் தட்டு விஷயத்தை நாலு வாக்கியமாக்கி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

ஐரீன் அம்மா திரையில் வந்தார்கள். வெள்ளைத் தலை, சிவந்த கன்னம், சிரித்த முகம். வாயைத் திறந்தார்கள். நீலச்சட்டை சார் சொட்டுச் சொட்டாகப் பேசுவார். இவர்களோ பம்புசெட்டைத் திறந்துவிட்ட மாதிரி. என் நாலு வாக்கியமும் அந்தத் தண்ணீரில் அடித்துக்கொண்டு போய்விட்டன.

பயந்த நேரத்தில் பழக்கம்தானே கைகொடுக்கும்? அந்தம்மா, "ஐ யாம் சோ ஹேப்பி டு மீட் யூ" என்றார்கள். நானும், "ஐ யாம் சோ ஹேப்பி டு மீட் யூ" என்றேன். அவர்கள் முகம் மலர்ந்தது. அட, சார் சொன்னது சரிதான்!

"யூ ஹேவ் எ லவ்லி டாட்டர்."

"யூ ஹேவ் எ லவ்லி டாட்டர்." (அவர்களுக்கு மகளே கிடையாது, ரெண்டும் பையன்கள்.) ஒரு நொடி விழித்துவிட்டு, நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள்.

பிறகு அவர்கள் குரல் இறங்கியது. ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். "ஐ லாஸ்ட் மை ஹஸ்பெண்ட் லாஸ்ட் விண்டர்."

எனக்கு ஹஸ்பெண்ட் என்பது மட்டும் காதில் விழுந்தது. குடும்பத்தை விசாரிக்கிறார்கள் போல என்று நினைத்தேன். குரல் இறங்கினால் இறங்க வேண்டும் அல்லவா? நானும் வாசல் பக்கம் பார்த்துவிட்டு, அதே சோகத்தோடு, ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் சொன்னேன்: "ஐ லாஸ்ட் மை ஹஸ்பெண்ட் லாஸ்ட் விண்டர்."

அந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டார்கள். கண் கலங்கிவிட்டது. திரைக்குப் பக்கத்தில் வந்து ரகசியமாக, "டஸ் மலர் நோ?" என்றார்கள்.

நானும் திரைக்குப் பக்கத்தில் போய் ரகசியமாக, "டஸ் மலர் நோ?" என்றேன்.

"நோ, நோ! ஐ வோண்ட் டெல் ஹர்!"

"ஐ வோண்ட் டெல் ஹர்!"

அவ்வளவுதான், அவர்கள் அழ ஆரம்பித்தார்கள். ஒரு பெண்பிள்ளை எதிரே உட்கார்ந்து அப்படி அழும்போது காரணம் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? எனக்கும் பொங்கிக்கொண்டு வந்தது. ரெண்டு பேரும் முந்தானையாலும் கைக்குட்டையாலும் துடைத்துத் துடைத்து அழுதோம். கடைசியில் அவர்கள் திரையில் கையை வைத்தார்கள். நானும் வைத்தேன்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இங்கிலீஷிலேயே பேசி, இங்கிலீஷிலேயே அழுதுவிட்டேன்! தட்டு விஷயம் சொல்லாமல் விட்டுப்போனது மட்டும்தான் குறை. வீட்டுக்காரர் வந்ததும் பாயசத்தை நீட்டினேன்.

"என்ன பேசினீங்க?" என்றார். அவர் சிங்கப்பூரில் சில வருஷம் வேலை பார்த்தவர், இங்கிலீஷ் கொஞ்சம் தெரியும். அந்தத் திமிர் அவருக்கு உண்டு.

"எல்லாமே பேசினோம். அவங்க அழுதுட்டாங்க தெரியுமா?"

"எதுக்கு அழுதாங்க?"

"பாசம்தான், வேறென்ன?" என்றேன்.

விளக்கு வைத்த நேரத்தில் போன் அடித்தது. நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். அவர்தான் எடுத்தார். "ஹலோ, மலரு? சொல்லும்மா."

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வீறல், எனக்குக் கொல்லையில் கேட்டது.

"அப்பா... நீங்களா?"

"நான்தாம்மா. வேற யாரு?"

"அப்பா நீங்க... நல்லாதான் இருக்கீங்களா?"

"எனக்கென்ன? இப்பத்தான் பாயசம் குடிச்சேன்."

அவள் தேம்பித் தேம்பி அழுதாள். அவர் பதறிப்போய், "அழாதம்மா, என்னாச்சு, யாரு என்ன சொன்னா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் வாளியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தேன். பிறகு மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. ஐரீன் அம்மா ரகசியத்தைக் காப்பாற்ற என்னவோ முயற்சி செய்திருக்கிறார்கள். ஆனால் டியூட்டி முடிந்து அவர்கள் வீட்டுக்கு வந்த மலரைக் கட்டிப்பிடித்தவர்கள் விடவே இல்லையாம். என்ன என்ன என்று இவள் துருவ, "பாவம் உன் அம்மா, உன் அப்பா இறந்துபோனதை நீ தூரத்தில் தவிக்கக் கூடாதென்று மறைத்து வைத்திருக்கிறாள்" என்று சொல்லிவிட்டார்கள். அறுவடை நாட்களில் அவள் கூப்பிட்டபோதெல்லாம் "அப்பா வயல்ல" என்றே நான் சொன்னது வேறு அவளுக்கு ஞாபகம் வந்ததாம்.

அவர் போனைக் காதிலிருந்து எடுத்து, என்னை நிதானமாகப் பார்த்தார்.

"வசந்தி. நான் எப்ப செத்தேன்?"

எனக்கு உயிர் போய்விட்டது. ஒரு வீட்டில் ஒரே நாளில் ரெண்டு சாவு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

"அவங்க சொன்னதைத்தாங்க நான் திருப்பிச் சொன்னேன்..."

"அவங்க வீட்டுக்காரர் இல்லாதவங்கன்னு உனக்குத் தெரியுமே!"

தெரியும். அதுதான் என்னைச் சுட்டது. என் மானம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். புருஷனைப் பறிகொடுத்தவள் தன் துக்கத்தை என்னிடம் சொல்ல, நான் அதைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்திருக்கிறேன். அந்தம்மா முகத்தில் இனி எப்படி முழிப்பது?

அப்போதே திரும்ப வீடியோ காலில் கூப்பிடச் சொன்னார் அவர். தான் உயிரோடிருப்பதை நிரூபிக்க, சட்டை மாற்றி, திருநீறு பூசி, முன்னால் உட்கார்ந்தார். ஐரீன் அம்மா அவரைப் பார்த்ததும் ரெண்டு கையையும் தட்டி அலறினார்கள். நான் அவர் தோளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "ஸாரி, ஸாரி" என்று மட்டும் சொன்னேன். இந்த முறை யாரும் சொல்லிக் கொடுக்காத வார்த்தை.

அவர்கள் கொஞ்ச நேரம் ஏதோ பேசினார்கள். மலர் எங்களுக்குத் தமிழில் சொன்னாள். வழக்கம்போல் சுருக்கவில்லை, முழுசாகச் சொன்னாள்.

"ஸாரி சொல்லக் கூடாதாம்மா. அவங்க வீட்டுக்காரர் போனதிலேருந்து எல்லாரும் ஆறுதல் சொல்றாங்களாம், ஆனா கூட உக்காந்து யாரும் அழலையாம். இன்னைக்குத்தான் கூட ஒருத்தி அழுதாங்கறாங்க. அப்புறம்... 'யூ ஹேவ் எ லவ்லி டாட்டர்'னு நீ திருப்பிச் சொன்னியாமே. நீ என்னை அவங்களுக்கு மகளாக் குடுத்துட்டேன்னு அவங்க நினைச்சுக்கிட்டாங்களாம்."

நான் தோளுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். மலரை, "நீ கொஞ்சம் அந்தாண்ட போ" என்றேன். அவள் நகர்ந்ததும் மனப்பாடத்தைத் தேடினேன். வரவில்லை. கையால் தட்டு மாதிரி காட்டி, எனக்கு வந்ததைச் சொன்னேன்.

"மலர் கிரை டைம்... ஸே நாட் ஹங்கிரி. நாட் ட்ரூ. யூ புட் பிளேட். நோ டாக். கோ. ஆஃப்டர் கம்... பிளேட் எம்ப்டி."

ஐரீன் அம்மா சிரிக்கவில்லை. குனிந்து கேட்டுக்கொண்டார்கள். பிறகு விரல் விட்டு எண்ணிக்கொண்டே மெதுவாக, என்னை மாதிரியே, "புட் பிளேட். நோ டாக். கோ" என்று திருப்பிச் சொன்னார்கள். சரியா என்பதுபோல் என்னைப் பார்த்தார்கள். நான், "வெரி குட்" என்றேன்.

கல்யாணம் கும்பகோணத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பத்திரிகை அடிக்கப் போன இடத்தில் என் வீட்டுக்காரர், "என் பேருக்கு முன்னாடி லேட்னு போடணுமான்னு எதுக்கும் வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்று பிரஸ்காரரிடம் சொல்லியிருக்கிறார். அந்த மனுஷர் நிஜமாகவே எனக்குப் போன் செய்துவிட்டார்.

திருச்சி விமான நிலையத்தில் ஐரீன் அம்மா முதலில் செய்தது, என் வீட்டுக்காரர் கையைக் கிள்ளிப் பார்த்ததுதான். அன்றிலிருந்து எங்கள் மாப்பிள்ளை உள்பட எல்லாருக்கும் அவர் 'லேட் அப்பா'. களத்திலிருந்து அவர் நேரத்துக்கு வந்தாலும் லேட்தான். நான் ஏதாவது வேலை சொன்னால், சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "இல்லாத மனுஷனை எதுக்கு ஏவுற?" என்கிறார்.

ஐரீன் அம்மா இப்போதும் ஞாயிறு மதியம் கூப்பிடுகிறார்கள். பேச்சு முடியும்போது தவறாமல், "ஹவ் இஸ் யுவர் லேட் ஹஸ்பெண்ட்?" என்று கேட்பார்கள். நான் அவசரப்படுவதில்லை. நன்றாக யோசித்து, திரும்பி அவரை ஒருதரம் பார்த்துவிட்டுச் சொல்வேன்:

"வெரி ஃபைன். ஸ்லீப்பிங். ஸ்னோரிங் ஆல்ஸோ."