அரமனையார் மெஸ்ஸில் சாப்பிடும் முறை

உலகத்தில் மன்னராட்சி ஒழிந்துவிட்டது என்று எழுதுகிறவர்கள் யாரும் ஜமுனாமரத்தூரில் மதியச் சாப்பாடு சாப்பிட்டதில்லை. நான் மூன்று வருடம் சாப்பிட்டிருக்கிறேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் எட்டு மேஜையும் ஒரு கைகழுவும் தொட்டியும் கொண்ட ஒரு ராஜ்ஜியம் அங்கே அமோகமாக நடந்துகொண்டிருந்தது.

அதை நடத்தியவரை எல்லாரும் அரமனையார் என்றுதான் சொல்வார்கள். வடக்கே ஏதோ ஒரு சமஸ்தானத்து அரண்மனையில் பல வருடம் பரிமாறும் வேலை பார்த்தவர். சமஸ்தானம் எப்போதோ போய்விட்டது. அரண்மனையை ஓட்டலாக்கிவிட்டு ராஜ குடும்பம் மாடியில் குடியிருந்ததாம். ஆளுவதற்கு ஒரு தெருகூட இல்லாதவர்கள் சோற்றுத் தட்டுக்கு முன்னால் மட்டும் சக்கரவர்த்திகளாக இருந்திருக்கிறார்கள். அந்தச் சட்டதிட்டங்களை எல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு மலையேறி வந்து மெஸ் வைத்தார் அரமனையார்.

முதல் சட்டம் இது. மேஜையில் யார் பெரியவரோ அவர்தான் ராஜா. அவர் கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் கை வைக்கலாம். அவர் முடித்துவிட்டால் எல்லாரும் முடித்த மாதிரி. அத்தனை தட்டும் உடனே போய்விடும்.

எங்கள் ஆபீஸ் மேஜைக்கு ராஜா எங்கள் கண்காணிப்பாளர். அவருக்கு வயிற்றுப் புண். ஒரு கரண்டி மோர்ச் சோறு சாப்பிட்டு எழுந்துவிடுவார். நான் அப்போதுதான் காரக்குழம்பைப் பிசைந்திருப்பேன். அரமனையார் கண்ணைக் காட்டுவார். அவருடைய மச்சான், மந்திரி என்று நாங்கள் பெயர் வைத்திருந்த ஆசாமி, என் தட்டைத் தூக்கிவிடுவார்.

"இன்னாங்க இது, நான் இன்னும் ரசத்துக்கே வரலியே."

"ராஜா எழுந்துட்டாருங்களே சார்," என்பார் அரமனையார்.

"எனக்குப் பசிக்குதுங்க."

"பசி எல்லாருக்கும் வரும் சார். மரியாத சில பேருக்குத்தான் வரும்."

ராஜாவுக்கு முதுகு காட்டக்கூடாது என்பது அடுத்த சட்டம். அதனால் மந்திரி சாம்பார் வாளியோடு பின்பக்கமாகவே நடந்து சமையலறைக்குப் போவார். நெல்லிவாசல்நாட்டிலிருந்து தேன் விற்க வந்த ஒருவர் மேல் ஒருநாள் வாளி கவிழ்ந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டபோதும் மந்திரி முகத்தை எங்கள் கண்காணிப்பாளர் பக்கமே வைத்திருந்தார்.

நாங்கள் எதிர்த்துப் போராடினோம் என்று நினைக்க வேண்டாம். கண்காணிப்பாளர் லீவு போட்டால் அடுத்த பெரியவர் யார் என்று ஆபீஸே அடித்துக்கொள்ளும். ஒருநாள் எனக்கு அந்தப் பாக்கியம் கிடைத்தது. நிதானமாக மூன்று தடவை ரசம் வாங்கினேன். எதிரே இருந்த டைப்பிஸ்ட், பத்திரமாகக் கடைசிக்கு வைத்திருந்த அப்பளத்தைக் கடிக்கப் போகிற நேரம் பார்த்துக் கையை உதறி எழுந்தேன். சுகமாகத்தான் இருந்தது.

அரமனையாருக்கு ஒரே மகள். ராஜாவும் வாரிசும் ஒரே வண்டியில் போகக்கூடாது என்று ஒரு சட்டம் இருந்ததால், இருவரும் மலை இறங்கினால் அவள் பஸ்ஸில் போவாள், இவர் பின்னால் ஷேர் ஜீப்பில் தொங்கிக்கொண்டு போவார். "வண்டி கவுந்துட்டா ராஜ்ஜியத்த யாரு பாக்கறது?" என்று கேட்பார். எட்டு மேஜையைத்தான் சொல்கிறார்.

அவளுக்கு வந்த இரண்டு வரன்கள் ஏற்கெனவே தட்டிப்போயிருந்தன. ஒரு வீட்டாரை, தான் உள்ளே வரும்போது எழுந்து நிற்கச் சொன்னார் இவர். அவர்கள் எழுந்து அப்படியே போய்விட்டார்கள். மூன்றாவதாகச் சந்தவாசல் மாப்பிள்ளை வந்தான். அவனை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

"சார், நைனாகிட்ட நீங்க சொல்லுங்க. அந்த ஒரு நாளாவது அரமனைய மூடி வெக்கச் சொல்லுங்க," என்றாள் என்னிடம். கண் கலங்கியிருந்தது.

சொன்னேன். "சட்டம் சட்டந்தான் சார்," என்றார்.

பெண் வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்காகத்தான் மெஸ்ஸில் மேஜைகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் இலை போட்டிருந்தது. சாமைச் சோறு, வடை, பாயசம். பெண் வீட்டுப் பக்கம் எண்ணிக்கைக்கு எங்கள் ஆபீஸ். முதல் இலையில் மாப்பிள்ளையின் பெரியப்பா. அவருக்குச் சர்க்கரை. இரண்டு வாய் சாப்பிட்டார், இலையை மடித்தார், "நீங்க சாப்பிடுங்க," என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

நம் ஊர்ப் பந்தியில் கடைசி ஆள் முடிக்கும்வரை முதல் ஆள் காத்திருப்பதுதான் வழக்கம். அதை அவர் மறந்தார். மந்திரி எதையும் மறக்கவில்லை. நேராகப் போய் மாப்பிள்ளையின் இலையில் கை வைத்தார்.

"இன்னா இது, பாதி சாப்பாட்டுல எலைய எடுக்கறாங்க?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. வரிசையில் ஒவ்வொரு கையாக நின்றது. சமையலறை வாசலில் பாயசத் தூக்கோடு மகள் நின்றிருந்தாள்.

அரமனையார் மகளைப் பார்த்தார். மந்திரியைப் பார்த்தார்.

"மச்சான், எலைய வுடு. எனக்கு ஒரு எலை போடு."

விருந்தாளி சாப்பிடும்போது அவர் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததே இல்லை. முதல் இலைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"பொண்ணு வூட்டுல பொண்ணப் பெத்தவன்தான் ராஜா. ராஜா இப்பத்தான் கை வெக்கறாரு, முடிக்க நேரமாவுங்க. எல்லாரும் நிதானமா சாப்பிடுங்க."

பெரியப்பா சிரித்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்தார்.

மாப்பிள்ளை ஒவ்வொரு வாயையும் வெகுநேரம் மென்று தின்கிற ஜாதி. அவனுடைய அத்தை ரசத்தை விடவே இல்லை. அரமனையார் தன் இலை காலியாகும்போதெல்லாம் வரிசையை எட்டிப் பார்ப்பார். யாராவது ஒருவர் கை இலையில் இருக்கும். "இன்னும் கொஞ்சம் சோறு போடு," என்பார். ஐந்தாவது தடவை வாங்கும்போது சட்டை முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது. கடைசியில் மாப்பிள்ளை இலையை மடித்தான். அதன் பிறகுதான் ராஜா மடித்தார். அவரால் எழுந்திருக்க முடியவில்லை. நானும் டைப்பிஸ்ட்டும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டோம். ராஜாவைத் தொடக்கூடாது என்று ஒரு சட்டம் உண்டு. அன்று அவரே கையைத் தூக்கிக் காட்டினார்.

கல்யாணம் நடந்தது. எனக்கும் கீழே மாற்றலாகிவிட்டது. இப்போதெல்லாம் கல்யாண மண்டபங்களில் நான் சாம்பாரில் இருக்கும்போதே அடுத்த பந்திக்காரர் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவசர அவசரமாக விழுங்கிக்கொண்டே எதிர்வரிசையைப் பார்க்கிறேன். வேர்த்து விறுவிறுத்து, வயிறு வெடிக்கிற நிலையில், நான் முடிக்கவில்லை என்பதற்காக இன்னொரு கரண்டி சோறு கேட்கிற அந்த மனிதர் அங்கே இருக்கமாட்டாரா என்று.