சீரில் ஏறிய சனிக்கிரகம்

பிள்ளைக்குப் படிப்பில் பிடிப்பு விட்டுப்போனால் பெற்றவர்கள் முதலில் செய்வது எதையாவது வாங்குவது. நானும் அந்த ரகம்தான். காய்ச்சல் என்றால் மாத்திரை, கணக்கு வரவில்லை என்றால் பொம்மை. காசு கொடுத்து வாங்க முடியாத தீர்வு உண்டு என்று யாராவது சொல்லியிருந்தால், எந்தக் கடையில் என்று கேட்டிருப்பேன்.

என் மகள் வள்ளி அப்போது மூன்றாம் வகுப்பு. பள்ளியில் அரை, கால் என்று பின்னம் நடத்த ஆரம்பித்தார்கள். ஒரு கணக்கைத் தப்பாகச் சொன்னதற்கு வகுப்பே சிரித்ததாம். அன்றோடு புத்தகத்தைத் தொடுவதை நிறுத்திவிட்டாள். "எனக்குப் படிப்பு வராதுப்பா. வேற யாரையாவது படிக்கச் சொல்லுங்க" என்று, கடைக்குப் போக மாட்டேன் என்பது போல அமைதியாகச் சொன்னாள். அழுதிருந்தால்கூடத் தேவலை. அந்த அமைதிதான் என்னைப் பயமுறுத்தியது.

உடனே ஆன்லைனில் தேடித் தேடி ஆர்டர் போட்டேன். எழுத்துக் கட்டைகள், அரை கால் என்று வெட்டிய மரவட்டங்கள், ஒரு குட்டித் தராசு, சனிக்கிரகம் வளையத்தோடு சுற்றுகிற சூரியக் குடும்பம். வள்ளிக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று காரைக்குடியில் என் மாமியார் வீட்டு முகவரியைக் கொடுத்தேன். (பெரிய மூளைக்காரன் என்று நினைப்பு.) அது என் மனைவியின் தங்கை உமையாளின் கல்யாணத்துக்கு முந்தின வாரம்.

செட்டிநாட்டுக் கல்யாண வீட்டை அறிந்தவர்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். பெண்ணுக்குக் கொடுக்கும் சீர் முழுவதையும் வந்தவர்கள் பார்க்கும்படி பரப்பி வைப்பது எங்கள் வழக்கம். அந்த வாரத்தில் வாசலைத் தாண்டி வருகிற எந்தப் பெட்டியும் சீர்தான். யார் பேருக்கு வந்தது என்றெல்லாம் பார்ப்பதில்லை. பிரித்துப் பரப்பிவிட்டுத்தான் மறுவேலை.

கல்யாணத்தன்று காலை நான் உள்ளே நுழைந்தபோது மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சீர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவர்சில்வர் அண்டாக்கள், பித்தளைக் குடங்கள், மங்கு என்கிற பீங்கான் சாமான்கள். நடுவே ஒரு குடத்தின் மேல் சூரியக் குடும்பம் நிற்க, அதில் சனி சுற்றிக்கொண்டிருந்தது. முகூர்த்த நாளில் சனியைக் கூப்பிட்டு நடுவீட்டில் உட்கார வைத்த பெருமை என்னையே சேரும்.

"எழுத்துக் கட்டையெல்லாம் இப்பவே வாங்கியாச்சே. அவசரந்தான்" என்றார் ஒரு அம்மாள். பக்கத்தில் இருந்தவர்கள் மணப்பெண்ணின் வயிற்றைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் சிகப்பி ஆச்சி அந்தத் தராசைத் தூக்கிப் பார்த்தார்.

"இது எதுக்கு? எங்க வீட்டுச் சோத்த நிறுத்துப் போடவா?"

உமையாளின் முகம் வெளுத்துவிட்டது. என் மாமியார் குத்துவிளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கு வாய் முந்திக்கொண்டது.

"அது சீரில்ல ஆச்சி. எம் மக வள்ளிக்கு வாங்குனது. அவளுக்குப் படிப்பு ஏறல, அதான்..."

சொல்லி முடித்த பிறகுதான் வள்ளி என் பின்னாலேயே நிற்பது தெரிந்தது. மொத்தக் கூட்டமும் அவளைத் திரும்பிப் பார்த்தது. வகுப்பு சிரித்தது போதாதென்று கல்யாண வீட்டையும் கூட்டி வைத்துவிட்டேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

சிகப்பி ஆச்சி பட்டுச்சேலையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"எனக்குந்தான் ஏறல. இங்குட்டு வா ஆத்தா. நான் கண்ணாடி கொண்டாரல. தராசோட வந்த இந்தத் தாள்ல என்ன போட்டிருக்குன்னு வாசி."

வள்ளி தயங்கித் தயங்கிப் போனாள். முதலில் முனகலாக, பிறகு காதில் விழும்படி எழுத்துக்கூட்டி வாசித்தாள். ஆச்சி ஒரு தட்டில் அரை வட்டத்தை வைத்தார், மறு தட்டில் கால் வட்டத்தை வைத்தார். தராசு சாய்ந்தது.

"கெட்டுப்போன தராசு போல."

"இல்ல ஆச்சி, ஒண்ணு பத்தாது. இன்னொரு காலும் வைங்க."

வைத்தார். தட்டுகள் நேராக நின்றன. வள்ளி தராசையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அப்பா, ரெண்டு கால் சேந்தா ஒரு அரை. டீச்சர் சொன்னது இம்புட்டுத்தானா?" என்றாள்.

போன உயிர் திரும்பி வந்தது. கண் கலங்கிவிட்டது. (சாம்பிராணிப் புகை என்று சமாளித்தேன். யாரும் சாம்பிராணி போடவில்லை.) அதற்குள் மற்ற பெண்களும் உட்கார்ந்துவிட்டார்கள். தாலி பூட்டும் நேரத்தில் சம்பந்தியம்மாளைத் தராசிலிருந்து பிரித்து எழுப்ப வேண்டியதாயிற்று.

மறுநாள் அந்தச் சாமான்களைப் பெட்டியில் கட்டப் போனேன். "பரப்புன சீரைத் திருப்பி எடுத்துட்டுப் போவீகளோ?" என்றார் சிகப்பி ஆச்சி. அண்டாக்களோடு சூரியக் குடும்பமும் லாரி ஏறி நாட்டரசன்கோட்டைக்குப் போனது. அதன் பின்னாலேயே ஞாயிறுதோறும் வள்ளியும் போனாள். படி என்று யாரும் சொல்லாத அந்த வீட்டில், ஆச்சியோடு சண்டை போட்டுக்கொண்டே பின்னத்தைப் பிடித்துக்கொண்டாள். இப்போது பத்தாம் வகுப்பு. கணக்கில் சந்தேகம் என்று என்னிடம் வருவதில்லை (வந்தாலும் பயனில்லை).

எங்கள் வீட்டில் எந்தக் கல்யாணம் வந்தாலும் மாமியார் முதல் வேலையாக, "பெரிய மாப்பிள்ளை பேருக்குப் பொட்டி வந்தா அங்குட்டுத் தனியா வைங்க" என்று சொல்லிவிடுவார். நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். உமையாளுக்கு இப்போது ஒரு மகன் இருக்கிறான். போன மாதம் அவன் அந்தத் தராசுக்குக் கை நீட்டினான். சிகப்பி ஆச்சி அதை மெல்லத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"இது எனக்கு வந்த சீருடா. ஒனக்கு வேணும்னா ஒங்க பெரியப்பாவ ஆர்டர் போடச் சொல்லு."