மயில்வாகனத்தாரின் இடது செருப்பு

கடலில் எண்ணெய் கொட்டினால் கரையில் முளைக்கிற ஓர் இனம் உண்டு, கண்டிருப்பீர்கள். கையில் போன், அதில் காற்று வீசுகிற கலர்ப் படம், வாயில் "எழுதி வையுங்கோ". எண்ணெய் எந்தக் கரைக்கு, எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று பஸ் நேரம் சொல்வதுபோலச் சொல்லும். கணுக்காலுக்கு மேல் கடலில் நனைந்திருக்குமா? சீச்சீ!

முல்லைத்தீவில் இந்த இனத்தின் தலைமகன் மயில்வாகனத்தார். உருத்திரபுரத்தில் வயல் செய்தவர். மழை வராது என்று இவர் சொன்ன அன்றைக்குத்தான் ஊர் ஓடியோடி நெல்லை மூடுமாம். மகளைக் கட்டிக்கொடுத்த இடத்தில் வந்து இருந்ததும் வானத்தை விட்டுவிட்டுக் கடலைப் பிடித்துக்கொண்டார். போன கிழமை தெற்கே ஒரு கப்பல் எண்ணெய் கக்கியதாகச் செய்தி வந்ததுதான் தாமதம், மனிசனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோசம்! விரலை நக்கி உயர்த்தினார். படத்தைப் பெருப்பித்தார்.

"தெற்குக் காத்து. வியாழன் காலமை பத்து மணிக்கு எண்ணெய் இஞ்ச நிக்கும். எழுதி வையுங்கோ."

வியாழன் கரைவலைச் சொந்தக்காரி சிவனேஸ்வரியின் முறை. கரைவலை போடுகிற அந்தத் துண்டுக் கரை எட்டு நாளைக்கு ஒருமுறைதான் அவருக்குக் கிடைக்கும், விட்டால் போச்சு. வலையில் எண்ணெய் பட்டால் வலையும் போச்சு. விடியக் கரைக்கு வந்து பார்த்தால், வலை இழுக்கிற பன்னிரண்டு பேரும் மணலில் குந்தியிருக்கிறார்கள்.

"அக்கா, ஐயா பத்து மணியெண்டு சொல்லுறார்," என்று தலையைச் சொறிந்தான் அவர்களில் ஒருவனான ஜெயந்தன்.

சிவனேஸ்வரி மயில்வாகனத்தாரிடம் போனார். "கடல் நீர் எந்தப் பக்கம் இழுக்குதெண்டு பாத்தனீங்களோ அண்ணை?"

"காத்து போற பக்கம் எண்ணெய் போகும் பிள்ளை. இதுக்குள்ள நீரோட்டம் என்னத்துக்கு?"

சிவனேஸ்வரி, மணலில் மயில்வாகனத்தார் கழற்றி வைத்திருந்த இடது செருப்பை எடுத்துக் கடலில் வீசினார். ஐயோ, புதுச் செருப்பு! காற்றோடு வடக்கே போகும், அங்கே மறித்து எடுக்கலாம் என்று மயில்வாகனத்தார் வேட்டியை மடித்துக்கொண்டு வடக்குப் பக்கம் ஓடிப்போய் நின்றார். செருப்போ காற்றுக்கு எதிராக, நீர் இழுத்த பக்கமாய், ஆடி அசைந்து, கப்பல் நின்ற தெற்குத் திசைக்கே போய்க்கொண்டிருந்தது.

பன்னிரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துச் சிரித்தபடி எழும்பினார்கள். வலை கடலுக்குப் போனது. பத்து மணியளவில் கரையேறியபோது வலை கொள்ளாத சூடை மீன். நடுவில் இடது செருப்பு. ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

மயில்வாகனத்தார் செருப்பை உதறிக் காலில் போட்டார்.

"பத்து மணிக்குத் தெற்கால ஒண்டு வரும் எண்டு சொன்னனானோ, இல்லையோ?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் புதன்கிழமை, கப்பல் எங்கே நிற்கிறது என்றுகூடக் கேளாமல், "வியாழன் பத்து மணி, அவசரம், எல்லாருக்கும் அனுப்புங்கோ" என்று இருபது பேருக்கு அனுப்பி வைத்தது யாராம்? எதற்கும் ஒருக்கால் குனிந்து பாருங்கள், உங்கள் இடது செருப்பு காலில்தான் இருக்கிறதா?