பத்துக்கு இரண்டு

ஏழாம் கவுண்டர்காரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தாள். துடைத்ததில் ஒன்றும் மாறிவிடவில்லை.

‘எண் ஏழு: வேகம் போய்விட்டது. கைக்கு வந்தது நழுவுகிறது. பக்கத்தில் இருப்பவர்களோடு ஓயாத வாக்குவாதம். வெளியே உட்கார வைக்கலாம். பத்துக்கு இரண்டு.’

அந்தப் பெரிய கடையில் பில் போடும் கவுண்டர்கள் பதினைந்து. ஆண்டுக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் எல்லாருக்கும் மார்க் போட்டுப் பலகையில் ஒட்டுவார். நான்குக்குக் கீழே போனால் கிடங்கில் மூட்டை அடுக்க வேண்டும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். மேற்பார்வையாளர் அவளுடைய சொந்தப் புருஷன். அதனால்தான் அவளுக்குத் தலை சுற்றியது.

நேரே அவர் அறைக்குள் நுழைந்தாள்.

"பதினாறு வருஷம் உங்களோட குப்பை கொட்டினதுக்கு ரெண்டு மார்க்கா?"

அவர் பேயறைந்தவர் போலப் பார்த்தார்.

"அது... ஐயையோ! தாள் மாறிப்போச்சும்மா! அது ரக்பி தாள். நேத்து வெளிநாட்டு டீமோட நம்ம டீம் மோதிச்சு இல்ல? ஆட்டம் முடிஞ்சதும் எங்க ரசிகர் சங்கத்துல நம்ம பதினஞ்சு ஆட்டக்காரங்களுக்கும் பத்துக்கு மார்க் போடுவோம். அங்கேயும் நம்பர்தானே!"

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்தது பாதியில் நின்றது.

"நேத்து பல் டாக்டர்கிட்ட போறேன்னுதானே போனீங்க?"

"போற வழியிலதான் மைதானம்..."

"பல்வலின்னு எல்லாத்தையும் மசிச்சுக் கொடுத்தேனே! அட பாவி மனுஷா!"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது.

"சரி, என்னோட நிஜத் தாள் எங்கே?"

"சங்கத்துல மாட்டியிருப்பேன்."

"அதுல எனக்கு எவ்வளவு?"

"ஒன்பது."

"அந்த ஒரு மார்க் எங்கே போச்சு?"

"பொண்டாட்டிக்குப் பத்து போட்டா நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா?"

"இப்ப சிரிக்கிறாங்களே! போய் மைக்குல சொல்லுங்க."

சொன்னார். "பலகையில் இருப்பது ரக்பி ஆட்டக்காரர்களின் மார்க். ஏழாம் கவுண்டருக்கு உண்மையில் ஒன்பது" என்று கடை முழுக்க ஒலித்தது. எட்டு வாங்கிய எட்டாம் கவுண்டர்காரி அதிர்ந்துபோய்ப் பில் போடுவதை நிறுத்தினாள்.

"அப்ப என் எட்டு எந்தத் தடியனோடது?"

அவளைப் பார்த்து மற்றவர்களும் கையைக் கட்டிக்கொண்டார்கள். வரிசை வாசல்வரை போனது. மேற்பார்வையாளர் ஒவ்வொரு கவுண்டராக ஓடி, கேட்டவர்களுக்கெல்லாம் ஒன்பது கொடுத்துச் சமாதானம் செய்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்து ஏழாம் கவுண்டர்காரிக்கு மனம் இளகியது. பொய் சொன்னாலும் நல்ல மனுஷன்.

பலகையிலிருந்த தாளைக் கிழிக்க வாசல் காவலாளி வந்தார். அவரும் அதே ரசிகர் சங்கத்தில் உறுப்பினர்.

"பாவம்ணே, அந்த ஏழாம் நம்பர் ஆட்டக்காரர்" என்றாள் அவள். "அவர் வீட்டுக்காரி இதைப் படிச்சா மனசு உடைஞ்சு போயிடுவா."

காவலாளி தாளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரெண்டா? நேத்து ஏழாம் நம்பர்தாம்மா ஆட்ட நாயகன்! பத்துக்குப் பத்துன்னு முதல்ல எந்திரிச்சுக் கத்தினதே உங்க வீட்டுக்காரர்தான். அந்தத் தாள் இன்னும் சங்கத்துலதான் தொங்குது."